மிஷின் இங்கே, ஓட்டு எங்கே?

2024ம் ஆண்டு ஏப்ரல் 19ந் தேதி வெள்ளிக்கிழமை. பார்லிமெண்ட் தேர்தல் நாள். சம்பளத்துடன் விடுமுறை என்று சட்டம் சொல்லிற்று. குன்னத்தூரிலிருந்து விடிந்ததும் விடியாததுமாகத் திருப்பூருக்கு ஆள் ஏற்றிச் செல்லும் கம்பெனி வண்டிகளுக்கு அன்று ஓய்வு. கட்டிங் மாஸ்டர், பவர் டேபிள் டெய்லர், கைமடிக்கிற பெண்கள், செக்கிங் பெண்கள் எல்லோரும் சாவடிக்குப் போய் விரலில் மையோடு திரும்பினார்கள். அதே தெருக் கோடியில் உள்ள லைன் வீட்டு வாசலில் பீகார்க்காரரும் ஒடிசாக்காரரும் வாரத்துத் துணியைத் துவைத்துக் காயப்போட்டுக் கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் லீவுதான். ஓட்டு மட்டும் இல்லை.

இதைக் கண்டு ஊரில் யாரும் ஆச்சரியப்படவில்லை. அதுதான் நம்மை உறுத்துகிறது.

ஒரே கூரை. ஒரே ஒன்றரை ஷிப்ட். ஓவர்லாக்கில் ஒருவன், பக்கத்து மிஷினில் இன்னொருவன். இருவருக்கும் சனிக்கிழமைதான் சம்பளம். ஆனால் அந்தச் சம்பளத்துக்கு விதி வகுக்கிற சர்க்காரை யார் நடத்துவது என்று கேட்கும் நாளில் ஒருவன் வரிசையில் நிற்கிறான், மற்றவன் துணி துவைக்கிறான். இது என்ன ஜனநாயகம், தோழர்களே?

நமது தொகுதியின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குன்னத்தூர் பெருந்துறை சட்டசபைத் தொகுதியில் இருக்கிறது. பெருந்துறை திருப்பூர் பார்லிமெண்ட் தொகுதிக்குள் அடக்கம். 2008 தொகுதி மறுசீரமைப்பில் பிறந்தது இந்தத் திருப்பூர் தொகுதி. 2009லும் 2014லும் அ.தி.மு.க. வென்றது. 2019லும் 2024லும் கம்யூனிஸ்ட் கட்சியின் தோழர் கே. சுப்பராயன் வென்றார். செங்கொடி வேட்பாளர் இரு முறை தொடர்ந்து டில்லிக்குப் போனது நமக்குப் பெருமைதான். ஆனால் பெருமை பேசும் வாயால் உண்மையையும் பேச வேண்டும். இந்த இரண்டு வெற்றியும் தி.மு.க. கூட்டணியில் கிடைத்தவை. 2014ல் இடதுசாரிகள் தனித்து நின்றபோது திருப்பூரில் மட்டுமல்ல, தமிழ்நாடு முழுவதிலும் ஒரு இடம்கூட வரவில்லை. தொழிலாளிகளின் பட்டணம் என்று பெயரெடுத்த ஊரில், தொழிலாளியின் ஓட்டை மட்டும் நம்பி நின்றால் டெபாசிட்டுக்கே ஆபத்து என்றால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது.

1984ல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலை நிறுத்தம் நடத்திய ஊர் இது. அன்று மிஷினில் உட்கார்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் சுற்றுவட்டாரக் கிராமத்து மக்கள். தென் மாவட்டங்களிலிருந்து வந்து சேர்ந்தவர்கள். சங்கத்து மெம்பர் பெரும்பாலும் ஊர் வாக்காளனாகவும் இருந்தான். அவனிடம் ஓட்டுக் கேட்டு வந்தவன், எந்தக் கொடிக்காரனானாலும், பஞ்சப்படியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் நகர முடியாது. இன்றோ கம்பெனித் தரையில் கணிசமான பேருக்கு இங்கே ஓட்டில்லை. ஓட்டில்லாதவன் வீட்டுப் படியை எந்த அபேட்சகரும் மிதிப்பதில்லை. ஆகவே லைன் வீட்டுச் சாக்கடையும் இ.எஸ்.ஐ. பிடித்தமும் ஓவர்டைம் கணக்கும் தேர்தல் பேச்சிலிருந்து மெல்ல மெல்ல நழுவிப்போயின. நஷ்டம் பீகார்க்காரனுக்கு மட்டுமா? பக்கத்து மிஷின் தமிழனுக்கும்தான்.

இந்த நோய் நமக்கு மட்டும் வந்ததல்ல. ஏட்டில் ஓட்டு, கையில் வெறுங்கை என்று முக்கால் நூற்றாண்டு தவித்த நாடு ஒன்று உண்டு: மெக்ஸிகோ. அங்கே வேறு விதத்தில் ஓட்டுத் திருடப்பட்டது. அது திரும்பி வந்த வழியில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. அந்நாட்டோடு நமக்கு ஒரு பழைய உறவும் உண்டே! 1919ல் மெக்ஸிகோவில் கம்யூனிஸ்ட் கட்சியைத் தோற்றுவித்தவர்களில் ஒருவர் வங்காளத்து எம்.என். ராய். மறு ஆண்டு மூன்றாவது அகிலத்தின் இரண்டாவது காங்கிரசுக்கு அவர் போனது மெக்ஸிகோவின் பிரதிநிதியாக!

1910ல் அந்த நாட்டில் புரட்சி வெடித்ததே ஓட்டின் பெயரால்தான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆண்ட போர்ஃபீரியோ தீயாஸுக்கு எதிராக, “செல்லுபடியாகும் ஓட்டு வேண்டும், மறு தேர்வு வேண்டாம்” என்று மதேரோ கோஷமிட்டார். இரத்தம் ஆறாக ஓடிற்று. கடைசியில் வந்தது என்ன? 1929ல் தோன்றிய ஆளும் கட்சி, பெயரை இரு முறை மாற்றிக்கொண்டு, 2000ம் ஆண்டு வரை நகரவில்லை. 71 ஆண்டு! ஜனாதிபதி ஆறாண்டுக்கு ஒருமுறை மாறுவார், கட்சி மாறாது. தேர்தல் மட்டும் தவறாமல் நடக்கும்.

எப்படி முடிந்தது? போலீசையும் சிறையையும் மட்டும் வைத்து முடியவில்லை. தொழிற்சங்கத்தை வைத்து முடித்தார்கள். சர்க்கார் ஆதரவுச் சங்க மகாசபைக்கு பிதேல் வெலாஸ்கெஸ் என்ற தலைவர் 1997ல் சாகும் வரை பல பத்தாண்டுகள் தலைமை வகித்தார். அந்தச் சங்கத்தில் சேர்ந்தவன் கூட்டத்தோடு கூட்டமாக ஆளும் கட்சியின் மெம்பராகவும் எண்ணப்பட்டான். ஆலையில் முதல் தொழிலாளி காலெடுத்து வைக்குமுன்பே முதலாளியும் சங்கத் தலைவரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு முடித்திருப்பார்கள். தனக்கு ஒரு சங்கம் இருப்பதே பல பேருக்குத் தெரியாது. ‘பாதுகாப்பு ஒப்பந்தம்’ என்று அதற்குப் பெயர். யாருக்குப் பாதுகாப்பு என்று சொல்லத் தேவையில்லை.

1976 தேர்தலில் ஓட்டுச் சீட்டில் ஜனாதிபதி பதவிக்கு ஒரே ஒரு பெயர்தான் அச்சிடப்பட்டிருந்தது. கம்யூனிஸ்ட் கட்சிக்கு அங்கீகாரம் இல்லை. 1958-59 ரயில்வே வேலை நிறுத்தத்துக்காகப் பத்தாண்டுக்கு மேல் சிறையிலிருந்த வாலென்டீன் காம்பா என்ற தோழரை அது நிறுத்திற்று. ஜனங்கள் அவர் பெயரைச் சீட்டில் கையால் எழுதினார்கள். அந்த ஓட்டுகள் செல்லாது என்று தள்ளப்பட்டன. 1988ல் குவாத்தேமோக் கார்தெனாஸ் நின்றார். 1938ல் அன்னிய எண்ணெய்க் கம்பெனிகளைத் தேசவுடைமையாக்கிய லாசரோ கார்தெனாஸின் மைந்தர். எண்ணிக்கை இரவில் ‘கம்ப்யூட்டர் விழுந்துவிட்டது’ என்றார்கள். எழுந்தபோது ஆளும் கட்சி ஜெயித்திருந்தது! சந்தேகப்பட்டவர்கள் சீட்டுகளைத் திரும்ப எண்ணச் சொன்னார்கள். 1991ல் சீட்டுகளையே கொளுத்திவிட்டார்கள்.

இதை வாசிக்கும் முதிய தோழர்களுக்கு 1952ம் ஆண்டுச் சென்னை மாகாணம் ஞாபகம் வரும். 375 இடங்களில் காங்கிரசுக்கு 152தான் கிடைத்தது. கம்யூனிஸ்ட் கட்சி 62 இடங்களோடு பெரிய எதிர்க்கட்சியாயிற்று, தோழர் பி. ராமமூர்த்தி சிறையிலிருந்தபடியே மதுரையில் வென்றார். ஆனால் மந்திரிசபை அமைத்தவர் யார்? தேர்தலிலேயே நிற்காத ராஜாஜி. கவர்னர் அவரை மேல்சபைக்கு நியமித்து முதல் மந்திரியாக்கினார். ஓட்டை எரிக்காமலே வீணாக்கும் வித்தை நம் ஊரிலும் தெரிந்ததுதான்.

மெக்ஸிகோவில் 2006ல் இடதுசாரி அபேட்சகர் லோபெஸ் ஒப்ரதோர் இரண்டரை லட்சத்துக்கும் குறைவான ஓட்டில் தோற்றதாக அறிவித்தார்கள். 2018ல் 53 சதவீத ஓட்டோடு அவர் வந்தார். 2024 ஜூன் 2ல் அதே கட்சியின் கிளாவ்தியா ஷேன்பாம், சுமார் 60 சதவீத ஓட்டோடு, அந்நாட்டின் முதல் பெண் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2018ல் நாளொன்றுக்கு 88 பெஸோ 36 சென்டாவோவாக இருந்த குறைந்தபட்சக் கூலி 2024ல் 248 பெஸோ 93 சென்டாவோவாயிற்று. விலைவாசி ஏற்றத்தைக் கழித்தாலும் இது பெரிய உயர்வு. கூலியை உயர்த்தினால் தொழில் அழியும் என்று ஓதிக்கொண்டிருந்த பண்டிதர்கள் வாயடைத்துப் போனார்கள்.

சோஷலிஸம் வந்துவிட்டது என்று யாரும் எண்ண வேண்டாம். பெருமுதலாளிகள் அங்கே பத்திரமாகவே இருக்கிறார்கள். இராணுவத்துக்கு அந்தச் சர்க்கார் கொடுத்த இடம் நமக்கு உவப்பானதல்ல. 2025 ஜூன் 1ல் நீதிபதிகளையே ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கட்டும் என்று தேர்தல் வைத்தார்கள். வந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 13 பேர். இவற்றைக் காணாமல் கைதட்டுவது நமது வேலையல்ல.

நமக்கு முக்கியமானது வேறொன்று. 2019 மே 1ல் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தினார்கள். பழைய ஒப்பந்தம் ஒவ்வொன்றையும் அந்தந்த ஆலைத் தொழிலாளிகளின் இரகசிய ஓட்டுக்கு விட வேண்டும் என்று விதி வந்தது. சிலாவோ என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை. 2021 ஆகஸ்டில் தொழிலாளிகள் பழைய சங்கத்தின் ஒப்பந்தத்தை ஓட்டுப் போட்டுத் தள்ளினார்கள். 2022 பிப்ரவரியில் புதிய சுயேச்சையான சங்கத்தை நான்கில் மூன்று பங்கு ஓட்டோடு தேர்ந்தெடுத்தார்கள். பட்டறையில் ஓட்டு, நாட்டில் ஓட்டு என்று இரண்டும் தொழிலாளி கைக்கு வந்த பிறகே அங்கே கூலி அசைந்தது.

இன்னொரு விஷயம். சொந்த ஊரை விட்டு வேறு ஊரில் இருப்பவனுக்கு என்று அங்கே ‘விசேஷ சாவடி’ வைக்கிறார்கள். எந்த ஊர்க்காரனும் அங்கே போய் ஜனாதிபதிக்கு ஓட்டுப் போடலாம். ஆனால் சாவடிக்கு இவ்வளவு சீட்டுத்தான் என்று கணக்கு, 2012ல் 750. சீட்டுத் தீர்ந்ததும் வரிசையில் நிற்பவர்கள் கூச்சல் போடுவது தேர்தல்தோறும் நடக்கும் காட்சி. எல்லை தாண்டி அமெரிக்காவில் உழைக்கும் மெக்ஸிகர்கள் ஒரு கோடிப் பேருக்கு மேல். 2006ல் அவர்களுக்கு முதல் தடவையாகத் தபால் ஓட்டுக் கிடைத்தபோது வந்து சேர்ந்தது சுமார் 33 ஆயிரம் ஓட்டு! நடைமுறையை அத்தனை சிக்கலாக்கி வைத்திருந்தார்கள். ஆக, பிழைக்கப் போனவன் ஓட்டு அங்கும் முழுசாகத் தீராத வழக்குத்தான். என்றாலும் அது வழக்கு என்பதையாவது அந்நாடு ஒப்புக்கொண்டது.

இங்கே நிலைமை என்ன? 2025 ஜூனில் தேர்தல் கமிஷன் பீகாரில் வாக்காளர் பட்டியலைச் ‘சிறப்புத் தீவிரத் திருத்தம்’ செய்யக் கிளம்பியது. ஆகஸ்ட் 1ல் வந்த வரைவுப் பட்டியலில் 65 லட்சம் பெயரைக் காணோம். அவர்களில் சுமார் 36 லட்சம் பேர் நிரந்தரமாக வெளியூர் போனவர்கள் அல்லது விலாசத்தில் காணப்படாதவர்கள் என்றார்கள். வெட்டிய பெயர்களைக் காரணத்தோடு வெளியிடு என்று ஆகஸ்ட் 14ல் சுப்ரீம் கோர்ட் சொல்ல வேண்டியிருந்தது. விலாசத்தில் காணப்படாதவன் எங்கே போனான்? அவனை நமக்குத் தெரியுமே! பெருந்துறை சிப்காட்டிலும் திருப்பூர் சாயப்பட்டறையிலும் நிட்டிங் மிஷின் முன்னாலும் நிற்கிறான்.

‘இவன் இங்கே இல்லை’ என்று அங்கே வெட்டு. ‘இவன் இந்த ஊரான் அல்ல’ என்று இங்கே சேர்க்காதே. அவனுக்கு ஓட்டு ஆகாயத்திலா இருக்கிறது?

அதே திருத்தம் 2025 நவம்பர் 4ல் தமிழ்நாட்டுக்கும் வந்தது. டிசம்பர் 19 வரைவுப் பட்டியலில் 97 லட்சத்துக்கு மேல் பெயர் நீக்கம். இறந்தவர், இருமுறைப் பதிவு போக, வீடு மாறியவர், விலாசத்தில் இல்லாதவர் என்ற கணக்கில் மட்டும் 66 லட்சம்! தேனியிலிருந்தோ திண்டுக்கல்லிலிருந்தோ வந்து, வாடகை ஏறும்போதெல்லாம் லைன் வீடு மாறும் டெய்லரை அந்தக் கணக்கிலிருந்து காப்பது எது? பீகாரித் தோழன் கழுத்துக்கு வந்த கத்தி நமது கழுத்தையும் தேடி வர நாலு மாதம்தான் ஆயிற்று.

இப்போது நம்மவர்களிலேயே சிலர் டீக்கடையில் கேட்கும் கேள்விக்கு வருவோம். “நம்ம கூலியைக் கெடுத்தது போதாதென்று அவுங்களுக்கு ஓட்டையும் குடுக்கோணுமாங்க? அந்த ஓட்டெல்லாம் டில்லிக்காரங்களுக்குத்தானே போகும்?” இதை மேடையில் ஒருவரும் கேட்பதில்லை, மேடைக்குக் கீழே எல்லோரும் கேட்கிறார்கள். ஆகவே மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும்.

கூலியைக் கெடுத்தது அவனல்ல. சட்டத்துக்குப் புறம்பாகக் குறைத்துக் கொடுத்தாலும் வாய் திறக்க முடியாத ஆளாகப் பார்த்து அவனைக் காண்ட்ராக்டர் மூலம் கொண்டுவந்தவர்கள் கெடுத்தார்கள். ஊரில் ஓட்டும் குரலும் இருந்தால் அவனை அப்படி அடக்கி வைக்க முடியாது. 2023 மார்ச்சில் வட மாநிலத்தாரைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்களைப் பரப்பினார்களே, அப்போது எத்தனை ஆயிரம் பேர் மூட்டையைக் கட்டினார்கள்! ஒரு வதந்திக்கு அஞ்சி ஓடும் நிலையில் இருப்பவன் கூலி உயர்வு கேட்டு நிற்பானா?

ஓட்டு யாருக்குப் போகும் என்ற பயத்துக்கு ஒரு சின்னக் கணக்கு. 2020ல் பீகார் சட்டசபைக்கு இடதுசாரிகள் 16 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். 2021ல் தமிழ்நாட்டுச் சட்டசபைக்கு எத்தனை பேர்? நாலு. 2025 நவம்பரில் பீகார்க் கணக்கு வெகுவாகச் சுருங்கிப்போனது உண்மை. ஆனால் செங்கொடியை அவனுக்கு நாம் போய்த்தான் அறிமுகம் செய்ய வேண்டும் என்று நினைப்பது நமது அறியாமை. அவன் நமக்கு எதிராகவே ஓட்டுப் போடுவான் என்றே வைத்துக்கொள்வோம். அதற்காக ஓட்டே கூடாது என்பதா? வெள்ளைக்காரன் 1935 சட்டத்தில் இதையேதான் செய்தான். வரி கட்டியவனுக்கும் சொத்துள்ளவனுக்கும் படித்தவனுக்கும் ஓட்டு; 1946 மாகாணத் தேர்தலில் சுமார் ஏழு பேரில் ஒருவருக்கே ஓட்டு. கூலிக்காரனை நம்ப முடியாது என்று அன்று சொன்ன வாதத்தை இன்று கூலிக்காரர் கட்சிக்காரன் சொல்லலாமா?

சட்டம் நம் பக்கமே இருக்கிறது. 1950ம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 19வது பிரிவு கேட்பது இரண்டே தகுதி: 18 வயது, தொகுதியில் சாதாரணமாகக் குடியிருத்தல். வீடு சொந்தமாக வேண்டும் என்று அது கேட்கவில்லை. வீடு சொந்தமாக இருப்பதால் மட்டும் ஒருவன் அவ்வூர்க் குடியிருப்பாளன் ஆகிவிட மாட்டான் என்றுகூட 20வது பிரிவு சொல்கிறது. தமிழ் தெரிய வேண்டும் என்றோ இங்கே பிறந்திருக்க வேண்டும் என்றோ எங்கும் இல்லை. பத்து வருஷமாக இங்கே தைக்கிறான், பிள்ளை இங்கே பள்ளிக்கூடம் போகிறது, சாக்கடை நாற்றத்தை இங்கே முகர்கிறான் என்றால் அவன் இந்தத் தொகுதிக்காரன்தான்.

நடப்பில் தடுப்பது எது? விலாசத்துக்கு அத்தாட்சி. லைன் வீட்டுக்காரர் வாடகைச் சீட்டு எழுதித் தர மாட்டார். கம்பெனி ஆஸ்டலில் இருப்பவனுக்கோ கேட்கவே பயம். ஆனால் வீடே இல்லாமல் நடைபாதையில் படுப்பவர்களைச் சேர்க்கத் தேர்தல் கமிஷனுக்கு ஒரு நல்ல விதி உண்டு: சாவடி நிலை அதிகாரி இராத்திரி நேரத்தில் போய், அவர் அங்கேதான் படுக்கிறாரா என்று நேரில் பார்த்து எழுதிக்கொண்டால் போதும், காகிதம் வேண்டாம். நடைபாதைக்கு இராத்திரி போகிற அதிகாரி, ஒன்றரை ஷிப்ட் முடிந்து எட்டரை மணிக்கு ஆள் திரும்பிய பிறகு லைன் வீட்டுக்கு வரக் கூடாதா?

சொந்த ஊரில்தான் ஓட்டு வேண்டும் என்பவர்களும் உண்டு. அங்கே நிலம், ரேஷன் கார்டு, தாய் தகப்பன் இருக்கிறார்கள். அவர்களை இங்கே பதிவு செய்யக் கட்டாயப்படுத்துவது தவறு. இரண்டு இடத்தில் பதிவதோ குற்றம். எங்கே என்று தீர்மானிக்க வேண்டியவன் அவனே. ஆனால் அவனுக்குச் சட்டம் தருவது ஓட்டுப் பதிவு நாள் ஒன்றுக்கு மட்டும் சம்பள லீவு. ஆலப்புழையிலிருந்து திருப்பூர் வழியாகத் தன்பாத் போகும் எக்ஸ்பிரஸில் ஏறினால் போக மட்டுமே ஏறத்தாழ இரண்டு நாள். ஒரு நாள் லீவில் ஜார்க்கண்ட் போய்வர ஆகாய விமானம் பிடிக்கச் சொல்கிறார்கள் போலும்!

இருந்த இடத்திலிருந்தே ஊர்த் தொகுதிக்கு ஓட்டுப் போட ஒரு மிஷினைக் காட்டுகிறோம் என்று 2023 ஜனவரி 16ல் கமிஷன் கட்சிகளைக் கூட்டிற்று. ஒரே மிஷினில் 72 தொகுதி. எதிர்க்கட்சிகள், இடதுசாரிகளும் சேர்ந்துதான், ஆட்சேபித்தன. புலம் பெயர்ந்தவர் யார் யார் என்ற பட்டியலே இல்லாதபோது மிஷின் எதற்கு, ஏஜண்ட் யார், எண்ணுவது யார் என்ற கேள்விகள் நியாயமானவை. ஆனால் ஆட்சேபித்ததோடு நின்றுவிட்டோம்; மாற்று யோசனையை நாம் உரக்கச் சொல்லவில்லை. காஷ்மீரிலிருந்து இடம் பெயர்ந்தவர்களுக்கு ஜம்முவிலும் டில்லியிலும் தனிச் சாவடி வைக்கத் தெரிந்த கமிஷனுக்குத் திருப்பூரில் வைக்கத் தெரியாதா என்று நாமே முந்திக் கேட்டிருக்க வேண்டும்.

சங்கங்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. திருப்பூரில் நான்காண்டுக்கு ஒருமுறை முதலாளிகள் சங்கங்களோடு சம்பள ஒப்பந்தம் போடுகிறோம். பீஸ் ரேட், பஞ்சப்படி, பயணப்படி என்று ஷரத்துகள் நீளும். அடுத்த ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்துக் கூடுதலாக வேண்டும்: சொந்த மாநிலத்தில் தேர்தல் வந்தால் பிரயாண நாட்களையும் சேர்த்துச் சம்பள லீவு. இங்கே பதிவு செய்ய விரும்புகிறவனுக்குக் கம்பெனியே குடியிருப்புச் சான்று எழுதித் தர வேண்டும். கோரிக்கைப் பட்டியலை இந்தியிலும் ஒடியாவிலும் அச்சடித்து, அவர்களையும் சங்கக் கமிட்டியில் உட்கார வைத்துப் பேச வேண்டும். சிலாவோ ஆலைக்காரர்கள் பட்டறை ஓட்டிலிருந்துதான் தொடங்கினார்கள்.

ஆர்டர் தவறிவிடும், கப்பல் போய்விடும் என்று முதலாளிகள் சொல்வார்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நாட்கணக்கில் கம்பெனி மூடிக் கிடக்கிறது. சத் பூஜைக்கு ரயில் கொள்ளாமல் ஆட்கள் போகிறார்கள். எந்தக் கப்பலும் அதற்காகத் தூத்துக்குடியில் அழுதுகொண்டு நின்றதாக நாம் கேள்விப்பட்டதில்லை.